தண்ணீரைப் பார்த்துப் பாதை போடுங்கள்

ஆகஸ்ட் மாதத்துப் பிற்பகல், மணி இரண்டரை. மொன்டானா மாநிலத்தில் த்ரீ ஃபோர்க்ஸ் ஊருக்குப் பக்கத்தில், ஜெஃபர்சன் ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தினோம். பாஸ்டனிலிருந்து புறப்பட்டு ஆறாவது நாள். பின்னிருக்கைக்கு அடியில் உறையோடு கிடந்த தூண்டில் கோல்களை அன்றுதான் முதன்முறையாக வெளியே எடுத்தேன். மகள் தன் கோலைத் தானே பூட்டி, நரம்பை வளையங்களுக்குள் கோத்து, முள்ளையும் கட்டி முடித்துவிட்டாள். கரைக்கு இறங்கும் வழியில் ஒரு பலகை. அதில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது: மதியம் 2 மணி முதல் நள்ளிரவு வரை இந்த ஆற்றில் மீன் பிடிக்கக் கூடாது.

காரணமும் தாளிலேயே இருந்தது. மொன்டானாவில் ஆற்று நீரின் வெப்பம் தொடர்ந்து மூன்று நாட்கள் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், பிற்பகலில் ஆற்றை மூடுகிறார்கள். காலையில் மட்டும் பிடிக்கலாம்.

"தண்ணீர் சூடானால் மீனுக்கு என்னப்பா ஆகும்?" என்று மகள் கேட்டாள். அப்போது அவளுக்கு வயது 12.

சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரைந்திருக்கும். டிரவுட் குளிர்ந்த நீருக்கே பிறந்த மீன். அந்த நேரத்தில் அது தூண்டிலில் மாட்டிப் போராடினால் மூச்சு வாங்கிக் களைத்துவிடும். நாம் கவனமாக விடுவித்தாலும், நம் கண்ணுக்கு அப்பால் நீந்திப் போய் அது செத்துவிடக்கூடும். இதைச் சொன்னதும் அவள் ஒன்றும் பேசாமல் முள்ளை அவிழ்க்க ஆரம்பித்தாள். சட்டத்தின் மீது எனக்குக் கோபமே வரவில்லை, அது சரியான சட்டம். மறுநாள் விடிகாலையில் அதே ஆற்றில் தாராளமாக மீன் பிடித்திருக்கலாம். ஆனால் மறுநாள் இரவுக்கு நான் இடம் பதிவு செய்திருந்தது சுமார் 400 மைலுக்கு அப்பால். விடிந்ததும் கிளம்பியாக வேண்டும். கிளம்பினோம்.

அந்தப் பயணத்தில் எங்கள் முள் ஒரே ஒரு முறைகூட நனையவில்லை. பாஸ்டனிலிருந்து சியாட்டில் வரை 90ஆம் எண் நெடுஞ்சாலை ஏறத்தாழ 3,020 மைல். அதை ஏழால் வகுத்து, நாளுக்கு 430 மைல் என்று கணக்குப் போட்டு, அந்தந்த நாளின் முடிவில் எந்த ஊர் வருகிறதோ அங்கே கூடாரத்துக்கு இடம் தேடியிருந்தேன். "வழியில் ஆறு வந்தால் மீன் பிடிப்போம்" என்பதுதான் திட்டம். ஆறுகள் வந்துகொண்டேதான் இருந்தன. நாங்கள்தான் இரவு எட்டு மணிக்கு, களைத்துப்போய், இருட்டில் கூடாரம் கட்டிக்கொண்டிருந்தோம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே சாலையில் மறுபடியும் போனோம். இம்முறை 17 நாட்கள். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது பயணத்தைத் திட்டமிட்ட விதம் பற்றியது. மீன்பிடியும் கூடாரமும் சேர்ந்த நீண்ட பயணத்துக்கு ஆசைப்படும் நண்பர்கள் பலர் என்னிடம் முதலில் கேட்பது "ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டலாம்?" என்பதைத்தான். அந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் கேட்க வேண்டியது, "நான் போகிற மாதத்தில் எந்தத் தண்ணீர் நன்றாக இருக்கும்?" என்பது.

அமெரிக்காவின் இந்த வடக்குப் பாதையில் பல வகைத் தண்ணீர் குறுக்கிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு. மலைப்பனி உருகி வரும் ஆறுகள் மே மாதத்திலும் ஜூன் முற்பாதியிலும் கரைபுரண்டு, தேநீர் நிறத்தில் ஓடும். அப்போது தூண்டில் போடுவதால் பயனில்லை, இறங்கினால் ஆபத்தும்கூட. ஜூன் கடைசியில் நீர் வடிந்து தெளியும். கோடை முற்றியதும் அதே ஆறு சூடேறி, நான் பார்த்தது போலப் பிற்பகலில் மூடப்படும். ஆக, அவற்றுக்கு ஜூன் கடைசியும் ஜூலை முதல் வாரங்களும் பொன்னான நேரம். ஊற்று நீரில் பிறக்கும் ஓடைகள் வேறு விதம். பூமிக்கு அடியிலிருந்து வரும் நீர் கோடையிலும் குளிர்காலத்திலும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருப்பதால், அவை எப்போது போனாலும் ஏமாற்றுவதில்லை. அணைக்குக் கீழே ஓடும் ஆறுகளும் உண்டு. அணையின் ஆழத்திலிருந்து திறந்துவிடும் நீர் ஆகஸ்டிலும் சில்லென்று இருக்கும். மொன்டானாவில் யெல்லோடெயில் அணைக்குக் கீழே ஓடும் பிகார்ன் ஆறு இதற்குப் பேர்போனது. ஆகஸ்ட் மாதம்தான் விடுமுறை கிடைக்கும் என்றால் ஜெஃபர்சனை விட்டுவிட்டு அங்கே போங்கள். அது 90ஆம் சாலையிலுள்ள ஹார்டின் ஊரிலிருந்து தெற்கே திரும்பினால் வந்துவிடும். முதல் பயணத்தில் அந்தத் திருப்பத்தைப் பார்க்காமலே கடந்துபோனேன் என்பதை நினைத்தால் இன்றும் மனது வலிக்கிறது.

ஆற்றின் நிலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை நாடெங்கும் ஆயிரக்கணக்கான இடங்களில் நீர் அளவிகளை வைத்திருக்கிறது. முதல் அளவுநிலையம் நியூ மெக்சிகோவில் ரியோ கிராண்டே ஆற்றின் கரையில், எம்புடோ என்ற இடத்தில் 1889இல் அமைந்தது. இன்று எந்த ஆற்றில் நொடிக்கு எத்தனை கன அடி ஓடுகிறது என்பதை அவர்களுடைய இணையதளத்தில் அந்த நேரத்துக்கே பார்க்க முடிகிறது. சில இடங்களில் நீரின் வெப்பமும் தெரியும். ஏப்ரல் தொடங்கி நானும் மகளும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து ஆறுகளின் வரைபடக் கோடுகளைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். கடந்த ஆண்டுகளில் ஜூன் கடைசியில் அந்தக் கோடு எங்கே இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்தோம். ஜூன் மூன்றாவது வாரம் புறப்படுவது என்ற முடிவு அப்படித்தான் வந்தது.

அடுத்தது உரிமம். அமெரிக்காவில் மீன்பிடி உரிமத்தை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகத் தருகிறது. மாநில எல்லையைத் தாண்டியதும் பழைய உரிமம் வெறும் காகிதம். வெளி மாநிலத்தவர் கூடுதலாகச் செலுத்த வேண்டும். சில மாநிலங்களில் டிரவுட் பிடிக்கத் தனி முத்திரைக் கட்டணமும் உண்டு. 90ஆம் சாலை 13 மாநிலங்களைத் தொடுகிறது. பதின்மூன்றிலும் உரிமம் வாங்குவது பணத்தை ஆற்றில் போடுவது போலாகும். இதனால் முதலில் தண்ணீரைத் தேர்ந்துகொண்டு, அவை எந்தெந்த மாநிலங்களில் விழுகின்றன என்று பார்த்து, அவற்றை முடிந்தவரை குறைத்தோம். கடைசியில் மினசோட்டா, தெற்கு டகோட்டா, மொன்டானா என்று மூன்று மாநில உரிமங்களும் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் தனி அனுமதிச் சீட்டும் போதுமானதாக இருந்தது. அந்தப் பூங்கா வயோமிங், மொன்டானா, ஐடஹோ மூன்றிலும் பரவிக் கிடந்தாலும் அந்த மாநிலங்களின் உரிமம் எதுவும் பூங்காவுக்குள் செல்லாது. பூர்வகுடி மக்களின் ஒதுக்கப்பட்ட நிலங்களுக்கும் அவரவர் விதி தனி. அங்கே மாநில உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்காமல் இறங்கிவிடக் கூடாது. உரிமங்களைக் கைப்பேசியில் மட்டும் நம்பி வைக்காமல் அச்செடுத்துக்கொள்ளுங்கள். மலைப்பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடைக்காது.

உரிமத்துக்குக் கொடுக்கும் பணத்தைச் சிலர் சலிப்போடு பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்தச் சலிப்பு இல்லை. மீன்வளத்தைக் காப்பதும், குஞ்சு வளர்த்து விடுவதும், கரைக்கு இறங்கும் படித்துறை அமைப்பதும் பெரும்பாலும் அந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. 1950இல் வந்த ஒரு மத்தியச் சட்டப்படி தூண்டில் சாமான்கள் மீதான வரியும் மாநிலங்களின் மீன்வளப் பணிக்கே போய்ச் சேருகிறது. முள் வாங்குகிறவன் ஆற்றுக்கும் கொஞ்சம் கொடுக்கிறான் என்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

உரிமத்தைவிடச் சிக்கலானது, எங்கே கால் வைக்கலாம் என்ற கேள்வி. இது பலருக்குத் தெரிவதில்லை. மொன்டானாவில் 1985இல் வந்த சட்டப்படி, ஒரு பாலத்தடியிலோ பொதுப் படித்துறையிலோ முறையாக ஆற்றில் இறங்கிவிட்டால், வழக்கமான வெள்ளக் குறி வரைக்கும் யாருடைய நிலத்தின் வழியாக ஆறு ஓடினாலும் நீங்கள் நடந்துபோகலாம். எல்லையைத் தாண்டி வயோமிங்குக்குள் வந்தால் கதை மாறிவிடும். அங்கே தனியார் நிலத்தின் ஊடே ஓடும் ஆற்றின் படுகையும் அந்த நிலக்காரருக்கே சொந்தம். படகில் மிதந்து போகலாம். காலை ஊன்றினாலோ நங்கூரம் போட்டாலோ அத்துமீறல். ஒரே மலைத்தொடர், ஒரே தண்ணீர், இரண்டு நியாயம். எனக்கு மொன்டானாவின் நியாயமே உகந்தது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் தூரக் கணக்குக்கு வந்தோம். தண்ணீர் உள்ள இடத்தில் குறைந்தது இரண்டு இரவு. ஓட்டுகிற நாளில் தூண்டிலைத் தொடுவதில்லை, தூண்டில் நாளில் வண்டியைத் தொடுவதில்லை. என் மனைவி வைத்த விதி இது. அவள் மீன் பிடிப்பதில்லை. ஆற்றங்கரையில் நாற்காலி போட்டுப் புத்தகம் படிப்பவள். ஆனால் திட்டத்தில் மிகச் சரியான ஒரு திருத்தத்தையும் அவள்தான் செய்தாள். "சனி, ஞாயிறுகளை ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்கு வார நாட்களில் போவோம்" என்றாள். பெயர்பெற்ற கூடாரத் தளங்கள் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் நிரம்பிவிடும். ஞாயிறு பிற்பகலில் காலியாகும். நாம் உள்ளூர்க்காரர்களுக்கு எதிர்த்திசையில் நகர்ந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

இடம் கிடைக்கும் வழிகளையும் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் தளங்களில் பலவற்றை ஆறு மாதம் முன்னதாகவே இணையத்தில் பதிவு செய்யலாம். புகழ்பெற்றவை திறந்த சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடுகின்றன. வேறு பல தளங்களில் முன்பதிவே கிடையாது. முதலில் வருபவருக்கு இடம். இவை தவிர, தேசியக் காடுகளிலும் மத்திய நில நிர்வாகத் துறையின் நிலங்களிலும் தளம் எதுவும் இல்லாத வெற்று இடத்தில் கட்டணமின்றிக் கூடாரம் அடிக்கலாம். பெரும்பாலும் 14 நாட்கள் வரை தங்க அனுமதி உண்டு. குழாய் இருக்காது, கழிப்பறை இருக்காது, குப்பைத் தொட்டியும் இருக்காது. ஆற்றிலிருந்து 200 அடி, அதாவது பெரியவர்களின் காலடியில் 70 எட்டு தள்ளித்தான் கூடாரமும் பாத்திரம் கழுவுவதும். நாங்கள் மூன்றையும் கலந்து வைத்தோம். கூட்டம் மிகுந்த யெல்லோஸ்டோனுக்கு மட்டும் பனிக்காலத்திலேயே பதிவு செய்தோம். மற்றவற்றில் நேரத்தோடு போய்ச் சேர்வதையே நம்பினோம். மதியம் ஒரு மணிக்கு முன் தளத்தில் இருக்க வேண்டும் என்பதைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தோம்.

ஒரு விஷயத்தில் யாரும் அசட்டையாக இருக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டிலிருந்து விறகு எடுத்துப்போகாதீர்கள். மரகத நிறத்தில் மின்னும் ஒரு சிறு வண்டு 2002இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழுக்கள் மரப்பட்டைக்கு உள்ளே துளைத்துத் தின்று, கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றிருக்கின்றன. அது தானாகப் பறந்து போகும் தூரம் குறைவு. நெடுந்தூரம் போனது விறகுக் கட்டுகளில் ஏறித்தான். எரிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே விறகு வாங்க வேண்டும். மேற்கு மாநிலங்களில் கோடையில் தீ மூட்டவே தடை வரலாம் என்பதால் சமைப்பதற்கு ஒரு எரிவாயு அடுப்பும் வேண்டும்.

முதல் மூன்று நாட்கள் வெறும் ஓட்டம். க்ளீவ்லாந்தைக் கடக்கும்போது ஈரி ஏரி வலப்பக்கம் தெரிந்தது. அந்த ஊரின் நடுவே ஓடும் கயஹோகா ஆறு 1969இல் தீப்பற்றி எரிந்தது. ஆற்றில் மிதந்த எண்ணெயும் கழிவும் எரிந்தன. 1972இல் தூய நீர்ச் சட்டம் வருவதற்கு மக்களை உசுப்பியவற்றில் அந்தத் தீயும் ஒன்று. இன்று அந்த ஏரியில் மீன் பிடிக்க நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். நிற்க நேரமில்லாவிட்டாலும் வண்டியின் வேகத்தைக் குறைத்து மகளுக்கு அதைக் காட்டினேன்.

முதல் தங்கல் மினசோட்டாவின் ஒயிட்வாட்டர் மாநிலப் பூங்கா. அந்தப் பகுதியைப் பனியுகத்தின் கடைசிப் பனிப்பாறைகள் தொடாமல் விலகிப் போயிருக்கின்றன. சுண்ணாம்புக்கல் குன்றுகள், அவற்றின் அடியிலிருந்து ஊறி வரும் ஓடைகள், ஓடைகளில் டிரவுட். கொசுத் தொல்லையும் குறைவு. கூடாரவாசிகள் அந்தப் பூங்காவை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். தண்ணீர் அவ்வளவு தெளிவு. நம் நிழல் விழுந்தாலே மீன் ஓடிவிடும். முழங்காலிட்டுத் தவழ்ந்து போய்த் தூண்டில் வீச வேண்டும். இரண்டு நாட்களில் நான் மூன்று மீன் பிடித்தேன், மகள் ஐந்து.

மிசௌரி ஆற்றை 90ஆம் சாலை தெற்கு டகோட்டாவில், சாம்பர்லெய்ன் ஊரில் கடக்கிறது. மணிக்கணக்காகப் புல்வெளி மட்டுமே பார்த்துச் சலித்த கண்ணுக்கு, ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் கீழே அகன்று கிடக்கும் அந்த நீலத்தை நான் எப்படி வர்ணிப்பது என்று தெரியவில்லை. அணை கட்டியதால் அது அங்கே ஆறாக இல்லை, ஏரியாகவே தேங்கி நிற்கிறது. இங்கே பிடிக்க வேண்டியது வால்ஐ என்ற மீன். அதன் கண்ணுக்குள் பூனைக்கு இருப்பது போல ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் உண்டு. மங்கலான வெளிச்சத்தில் அதற்குத் தெரிவது அதன் இரைக்குத் தெரியாது. எனவே அது சூரியன் சாய்ந்த பிறகே கரையோரம் வேட்டைக்கு வரும். முதல் பயணத்தில் நாங்கள் இந்த ஊரை நண்பகல் 12 மணிக்குக் கடந்திருந்தோம்!

இம்முறை ஒன்பது மணிக்கு மேல், மேற்கே கடைசிச் செம்மை அடங்கிக்கொண்டிருந்தபோது, மகளின் தக்கை சத்தமில்லாமல் உள்ளே போனது. வால்ஐ வெடுக்கென்று இழுப்பதில்லை. ஈரத்துணி மாட்டியது போல ஒரு கனம், அவ்வளவுதான். கரைக்குக் கொண்டுவந்து என் தலைவிளக்கைத் திருப்பியபோது, தண்ணீருக்குள் இரண்டு வெள்ளிக் காசுகள் எரிந்தன. மகள் "அப்பா, விளக்கை அணைத்துவிடுங்கள், அதற்குக் கண் கூசும்" என்றாள். அணைத்துவிட்டேன். இருட்டிலேயே தடவி, குறடால் முள்ளை எடுத்தோம். செவுள் மூடியின் விளிம்பு கத்தி போல அறுக்கும், முதுகுத் துடுப்பிலும் முட்கள் உண்டு. அதனால் வயிற்றுப்பக்கமாகத்தான் பிடிக்க வேண்டும். என் கட்டைவிரலில் இருக்கும் தழும்பு அதைத் தெரிந்துகொண்டதற்குக் கொடுத்த விலை. அடுத்த நாள் பிடித்த இரண்டைச் சமைத்தோம். எலும்பு குறைந்த, வெள்ளை வெளேரென்ற சதை.

பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவில் மீன் கிடையாது, தண்ணீரே கிடையாது. ஆனால் அது வெள்ளிக்கிழமை இரவு. சேஜ் கிரீக் என்ற திறந்த புல்வெளித் தளம் இலவசம், பதிவும் வேண்டாம். தேவையான தண்ணீர் முழுவதையும் நாம்தான் கொண்டுபோக வேண்டும். தீ மூட்ட அனுமதியில்லை. விடியற்காலையில் கூடாரத்துக்கு வெளியே யாரோ புல்லைக் கிழிப்பது போலச் சத்தம். எட்டிப் பார்த்தால் முப்பதடியில் ஒரு காட்டெருமை மேய்ந்துகொண்டிருந்தது. அது நகர்ந்து போகும் வரை முக்கால் மணி நேரம் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருந்தோம். அப்படித்தான் இருக்க வேண்டும். அதைத் துரத்தவோ படமெடுக்க வெளியே வரவோ கூடாது.

யெல்லோஸ்டோனுக்கு மூன்று இரவுகள் ஒதுக்கியிருந்தோம். அங்கே மீன்பிடி விதிகளை முன்கூட்டியே படித்துச் சாமான்களைத் தயார் செய்துகொண்டு போக வேண்டும். மண்புழு போன்ற உயிருள்ள இரை கூடாது, செயற்கை இரை மட்டும். ஈயக்குண்டு கூடாது. முள்ளின் நுனியில் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் செதிலைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கிவிட வேண்டும். அடிப்பாகத்தில் கம்பளி வைத்த ஆற்றுக் காலணிகளுக்கு அனுமதியில்லை. ஒரு ஆற்றின் நுண்ணுயிர்கள் அந்தக் கம்பளியில் ஈரத்தோடு தங்கி அடுத்த ஆற்றுக்குப் போய்விடும் என்பதுதான் காரணம். அதே காரணத்துக்காக மொன்டானா எல்லைப் பகுதிகளில் படகுச் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன. காற்றடைத்த சிறு படகு வைத்திருந்தாலும் நின்று காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இந்தச் சாவடிகளில் ஆகும் நேரத்தையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் படகே எடுத்துப்போகவில்லை. காலணிகளை மட்டும் ஒவ்வொரு தங்கலிலும் கழுவி, வண்டியின் கூரையில் கட்டி வெயிலில் காயவிட்டோம்.

யெல்லோஸ்டோன் ஏரி கடல்மட்டத்திலிருந்து 7,733 அடி உயரத்தில் இருக்கிறது. ஜூன் கடைசியிலும் விரல் மரத்துப்போகும் குளிர். அங்கே பூர்வீகமாக வாழும் கட்த்ரோட் டிரவுட்டின் தாடைக்கு அடியில் குங்குமம் தீற்றியது போல ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அது தூண்டிலில் வந்தால் விட்டுவிட வேண்டும். அதே ஏரியில் 1994இல் லேக் டிரவுட் என்ற வேற்றுமீன் கண்டுபிடிக்கப்பட்டது. யாரோ கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அது கட்த்ரோட்டைத் தின்று பெருகியது. கட்த்ரோட் முட்டையிடச் சிற்றோடைகளில் ஏறும். அப்போது கரடியும் கழுகும் நீர்நாயும் அதை உண்டு வாழும். லேக் டிரவுட்டோ ஏரியின் ஆழத்திலேயே வாழ்ந்து அங்கேயே முட்டையிடுவதால் அந்த விலங்குகளுக்கு எட்டாது. ஒரு மீன் குறைந்ததும் காட்டின் பந்தியே கலைந்துவிட்டது. பூங்கா நிர்வாகம் வலை போட்டு 40 லட்சத்துக்கும் அதிகமான லேக் டிரவுட்களை எடுத்திருக்கிறது. தூண்டில்காரர்களுக்கான விதி: அந்த ஏரியில் பிடிபடும் லேக் டிரவுட்டை உயிரோடு திரும்ப விடக் கூடாது.

இரண்டாம் நாள் காலையில் என் தூண்டிலில் ஒன்று வந்தது. கருத்த உடலில் வெளிர் புள்ளிகள், ஆழமாகப் பிளந்த வால், தாடைக்கு அடியில் சிவப்பு இல்லை. மூன்று அடையாளங்களையும் மகள் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சரிபார்த்தாள். எத்தனையோ ஆண்டுகளாக மீனை விடுவிக்கக் கற்றுக்கொடுத்த நான், அவள் கண் முன்னால் அதைக் கொல்ல வேண்டியிருந்தது. ஒரே அடியில், சட்டென்று முடித்தேன். வயிற்றைக் கிழித்தபோது உள்ளே பாதி செரித்த ஒரு சிறு மீன் இருந்தது. அதன் தாடை வரை செரித்துப்போயிருந்ததால் என்ன மீன் என்று சொல்ல முடியவில்லை. மகள் நீண்ட நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழிவைக் கரையில் போடக் கூடாது; கரடி வரும். காற்றுப் பையைக் குத்தி உடைத்து ஆழமான நீரில் எறிய வேண்டும், அப்போதுதான் மிதக்காமல் மூழ்கும். மீனை வெளிச்சம் இருக்கும்போதே சமைத்துச் சாப்பிட்டு, பாத்திரம், ஐஸ் பெட்டி, மீன் வாடை பட்ட சட்டை வரை எல்லாவற்றையும் வண்டிக்குள் பூட்டிவிட்டுத்தான் கூடாரத்துக்குள் போனோம்.

ராக் கிரீக் என்ற ஓடை மிசூலா நகரத்துக்குக் கிழக்கே சுமார் 20 மைலில், 90ஆம் சாலைக்கு அருகிலேயே கிளார்க் ஃபோர்க் ஆற்றில் கலக்கிறது. லோலோ தேசியக் காட்டுக்குள் அந்த ஓடையை ஒட்டியே ஒரு குறுகிய சாலை போகிறது. குழிகளும் கற்களும் நிறைந்த அந்தச் சாலையில் பத்து மைல் போக ஒரு மணி நேரமாகும். ஹாரிஸ் ஃப்ளாட் என்ற தளத்தில் புதன்கிழமை நண்பகலில் போய் இடம் பிடித்தோம். ஜூலை 4 விடுமுறைக் கூட்டம் வியாழக்கிழமை மாலை வந்து சேர்ந்தபோது, ஓடையை ஒட்டிய இடங்கள் ஒன்றும் மிச்சமில்லை.

கரையிலுள்ள ஒவ்வொரு பெரிய கல்லிலும் காய்ந்த பூச்சிக் கூடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கல்ஈ என்று அதைச் சொல்லலாம். நீருக்கடியில் கற்களின் இடுக்கில் வளர்ந்து, ஒரு நாள் ஊர்ந்து கரையேறி, முதுகு வெடித்து, சிறகோடு வெளியே வரும். விட்டுச்சென்ற கூட்டில் ஆறு கால்களும் கல்லை இறுகப் பற்றியபடியே இருக்கின்றன. மகள் ஒன்றைப் பெயர்த்து எடுத்தபோது நகமளவு கனம்கூட இல்லை. அந்தப் பூச்சியின் அளவிலும் நிறத்திலும் இருந்த இரையைக் கட்டி வீசியதும் ஓடை திறந்துகொண்டது. மூன்று நாட்களும் விடியற்காலையில் அவள் முதலில் செய்தது, கயிற்றில் கட்டிய வெப்பமானியை நீருக்குள் விடுவது. ஜெஃபர்சன் ஆற்றங்கரையிலிருந்து திரும்பி வந்த மறுவாரமே தன் சேமிப்பில் வாங்கிய வெப்பமானி அது. ஒவ்வொரு நாளும் அளவைக் குறித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் பிற்பகலில் 66 என்று காட்டியதும், யாரும் சொல்லாமலே கோலைக் கழற்றி உறையில் போட்டாள். 73 ஆகவில்லையே என்றேன். "மீனிடம் கேட்டால் 66லேயே போதும் என்று சொல்லும்" என்றாள்.

கடைசி இரவு வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா ஆற்றுப் பள்ளத்தாக்கில். இங்கே மீன் பிடிக்காமல் விட்டது திட்டமிட்டுத்தான். மற்ற ஆறுகள் கோடையில் இளைக்கும்போது யாக்கிமாவின் மேற்பகுதி பருத்து ஓடும். கீழேயுள்ள வயல்களுக்காக மலையிலுள்ள நீர்த்தேக்கங்களைத் திறந்துவிடுகிறார்கள். ஜூலையில் அது கரை தளும்ப ஓடுவதால் காலால் இறங்கி மீன் பிடிக்க முடியாது. செப்டம்பர் தொடக்கத்தில் அந்த நீரைக் குறைக்கிறார்கள். சினூக் சால்மன் மீன்கள் முட்டையிடும் காலம் அது. அதிக நீரில் கரையோரம் இட்ட முட்டைகள் பிறகு நீர் வடிந்தால் காய்ந்துபோகும் என்பதற்காக முன்கூட்டியே மட்டத்தை இறக்கிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு ஆறு தெளிந்து, இறங்கத் தோதாகிவிடும்.

உம்டானம் தளத்தில் கூடாரத்தின் முன்னால் மூவரும் உட்கார்ந்து, கலங்கிப் பாய்ந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மனைவி வழக்கம்போலப் புத்தகம் படிக்கவில்லை. வரைபடத்தை மடியில் விரித்து, யாக்கிமாவின் மேல் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் "செப்டம்பர் கடைசி வாரம், ஞாயிறு முதல் வியாழன்" என்று எழுதினாள்.